பாலர் சபையும் விளம்பரப் பலகையும்: குழந்தை முகம் விலைப்படும் வகை குறித்துச் சில சிந்தனைகள்

தமிழ் நாடக வரலாற்றை எழுதியோர் பாலர் சபைகளைப் பெரும்பாலும் நன்றியுணர்வோடேயே நோக்கியுள்ளனர். சங்கரதாஸ் சுவாமிகள் ஆசிரியராக விளங்க 1918இல் மதுரையில் தோன்றிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை, ஜெகந்நாத ஐயரின் சபை, நவாப் இராஜமாணிக்கத்தின் தேவி பால விநோத சங்கீத சபை, மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பனி முதலியன இல்லாதிருப்பின், இருபதாம் நூற்றாண்டுத் தமிழ் நாடகமும் அதிலிருந்து கிளைத்த தமிழ்ச் சினிமாவும் நாம் அறிந்த வடிவில் அமைந்திரா. இதில் ஐயத்துக்கிடமில்லை. எனினும் இச்சபைகள் பிறிதொன்றையும் தொடக்கிவைத்தன என்பது போதிய அளவு கவனிக்கப்படவில்லை. குழந்தையின் குரலையும் முகத்தையும் நுழைவுச்சீட்டுக்கு உரிய பொருளாக, ஒழுங்குமுறையோடும் ஒப்பந்தத்தோடும், ஆண்டு முழுவதும் ஊர் ஊராகக் கொண்டுசென்று விற்ற நிறுவனங்கள் அவை. இன்று தொலைக்காட்சியிலும் கைபேசித் திரையிலும் கடைவீதிப் பதாகையிலும் நாம் காணும் குழந்தை முகங்களின் முன்வரலாறு அங்கேதான் இருக்கிறது என்பது இக்கட்டுரையாளனின் கருத்து.

சிறுவர் ஏன் தெரிவுசெய்யப்பட்டனர் என்ற வினாவுக்கு நாடக நூல்கள் தரும் விடை ஏறத்தாழ ஒன்றே. வளர்ந்த நடிகர்கள் குடித்தனர்; சொன்ன நேரத்துக்கு வரவில்லை; ஆசிரியர் எழுதிய வசனத்தை மேடையில் தம் விருப்பப்படி மாற்றினர்; ஆகவே கட்டுப்பாட்டுக்கு அடங்கும் சிறுவரைக் கொண்டு நாடகத்தைத் தூய்மைப்படுத்த முற்பட்டார்கள் என்பது அது. இவ்விடையைச் சற்றுத் திருப்பிப் பார்த்தால் அதன் மறுபக்கம் தெரியும். வளர்ந்த நடிகன் கூலி கேட்பான், முரண்படுவான், வேறு கம்பனிக்குப் போவான். சிறுவன் இவற்றுள் எதையும் செய்ய இயலாதவன். ‘ஒழுக்கம்’ என்று வரலாறு பெயரிட்டது மலிவும் பணிவும் ஒருங்கே அமைந்த உழைப்பையேயாகும். சுவாமிகளின் கலைநோக்கை ஐயுறுவது நம் கருத்தன்று. கலைநோக்கும் வணிக நலனும் ஒரே கொட்டகையில், ஒரே சிறுவனின் தோளில் ஏற்றப்பட்டிருந்தன என்பதையே கூறுகின்றோம்.

இதற்கான சான்றை எதிராளிகளிடம் தேட வேண்டியதில்லை. அச்சபைகளில் வளர்ந்தோரே தந்துள்ளனர். ஔவை தி.க. சண்முகத்தின் ‘எனது நாடக வாழ்க்கை’ 1972இல் நூலாக வெளிவந்தது. 1912இல் பிறந்த அவர் ஆறு வயதில் சகோதரருடன் மேடைக்கு வந்தவர். தந்தை கண்ணுசாமிப் பிள்ளை பெண் வேடம் புனைந்த நடிகர். ஆசிரியரிடம் நூலாசிரியர் கொண்டிருந்த பக்தி நூலெங்கும் பரந்து கிடக்கிறது. அதை மதிக்கவே வேண்டும். ஆனால் விமர்சன நோக்குடன் வாசிப்பவன் அந்தப் பக்தியின் இடைவெளிகளிலே வேறொரு கதையையும் படிக்கலாம். பாடம், ஒத்திகை, இரவு நாடகம், பயணம் என்ற சுழற்சியில் பள்ளிக்கூடத்துக்கு இடமேயில்லை. 1925இல் அச்சகோதரர் தாமே ஒரு சபையைத் தொடங்கியபோது அதற்கிட்ட பெயர் ஸ்ரீ பால ஷண்முகானந்த சபை. சண்முகத்துக்கு அப்போது பதின்மூன்று வயது. சிறுவராய் உழைத்தவர்கள் சிறுவயது நீங்குமுன்னரே சிறுவர் சபைக்கு உரிமையாளராயினர்! அம்முறை எவ்வளவு இயல்பானதாகக் கருதப்பட்டது என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

ம.கோ. இராமச்சந்திரனும் அவர் தமையனாரும் பாய்ஸ் கம்பனியிற் சேர்ந்தமைக்குக் காரணம் கலைத்தாகமன்று, தந்தையை இழந்த குடும்பத்தின் பசி. சிவாஜி கணேசன் ஏழு வயதளவில் தாம் அநாதை என்று பொய் கூறிக் கம்பனியில் இடம்பெற்றவர். இச்செய்தி பெரும்பாலும் சுவையான துணுக்காகவே எடுத்துரைக்கப்படுகிறது. பெற்றோர் உயிருடன் இருக்க, அவர்களை இல்லையென்று சொன்னாற்றான் வாயில் திறக்கும் என்பதை ஏழு வயதுப் பிள்ளையொன்று அறிந்திருந்தது என்றால், அந்த வாயிலைப் பற்றி நாம் சிந்திக்க வேண்டாமா?

நாடகக்காரரிடையே ‘மகரக்கட்டு’ என்றொரு சொல் வழங்கியது. பருவமடையும் காலத்தில் பையனின் குரல் உடைவதை அது குறிக்கும். மைக்கும் ஒலிபெருக்கியும் இல்லாத கொட்டகையில் உச்சத் தொனியிற் பாடுகின்ற குரலே மூலதனம். குரல் உடைந்ததும் கதாநாயகன் பணியாளனாகலாம், பின்வரிசைக்குப் போகலாம், வீட்டுக்கு அனுப்பவும் படலாம். மீண்டு வந்தவர்களின் பெயர்களே வரலாற்றில் உள்ளன. மீளாதவர் எத்தனை பேர் என்பதை எந்தச் சுயசரிதையும் சொல்லாது, ஏனெனில் அவர்கள் சுயசரிதை எழுதவில்லை. ‘கமலகாசன் ஐந்து வயதில் நடிக்கவில்லையா?’ என்று இன்றும் கேட்கப்படுகின்றது. 1960இல் வெளிவந்த ‘களத்தூர் கண்ணம்மா’வின் சிறுவன் பின்னர் பெருநடிகரானமை உண்மை. அந்த ஒருவரைச் சுட்டி ஏனையோரை மறைப்பது அதிட்டச் சீட்டு விற்பவனின் வாதமேயன்றி வேறில்லை.

இங்கு ஒரு வர்க்க வேறுபாட்டையும் மனங்கொள்ளல் வேண்டும். பாலர் சபைகள் ஏழைச் சிறுவரைச் சேர்த்துக்கொண்டிருந்த அதே காலத்தில், பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபையில் (1891) வழக்கறிஞரும் உத்தியோகத்தரும் பொழுதுபோக்காக நடித்தனர். அதன் வழிவந்ததே நம் கலையரசு சொர்ணலிங்கம் முன்னின்று வளர்த்த இலங்கை சுபோத விலாச சபையும். அங்கு நடித்தோருக்கு நாடகம் மதிப்பைத் தந்தது, சோற்றைத் தரவேண்டியிருக்கவில்லை. ‘கூத்தாடி’ என்ற ஏச்சு அவர்களைத் தொடவில்லை. கம்பனிச் சிறுவனையே அது தொட்டது. நம் ஊர்க் கூத்தில் அண்ணாவியாரின் கீழ்ச் சிறுவரும் ஆடினர்தான். ஆயினும் மாதக்கணக்கிற் பழகி, ஊர் பார்க்க அரங்கேறி, மறுநாள் தம் வீட்டிலேயே விழித்தெழுந்தனர். (கூத்திற் சாதிக்கட்டு இருக்கவில்லை என்று இதனாற் பொருள்கொள்ளலாகாது, அது தனியே எழுதவேண்டிய விடயம்.)

சினிமா இம்முறைமையைச் சுருக்கிக் கூர்மையாக்கியது. 1937இல் கே. சுப்பிரமணியம் இயக்கிய ‘பாலயோகினி’யில் நடித்த பேபி சரோஜாவின் பெயரைத் தமிழ்ப் பெற்றோர் பலர் தம் பெண்பிள்ளைகளுக்கு இட்டனர். அன்று தொடங்கி ‘பேபி’, ‘மாஸ்டர்’ என்னும் அடைமொழிகள் வணிகக் குறியாகவே பயின்றுவந்தன. வளர்ந்த பின்னும் அது பெயரிலிருந்து உதிர்வதில்லை.

விளம்பரம் என்பது இதிலும் ஒரு படி அப்பாற்பட்டது. கம்பனிச் சிறுவன் எவ்வளவு சுரண்டப்பட்டிருந்தாலும், பாட்டும் தமிழும் நினைவாற்றலும் அவன் கையிற் சேர்ந்தன. குரல் உடைந்தபின்னும் அவை அவனிடம் எஞ்சின. விளம்பரக் குழந்தையிடம் கேட்கப்படுவது முகம் மட்டுமே. முகத்தைக் கொடுத்ததால் அது எதனையும் கற்றுக்கொள்வதில்லை. 1886இல் ஆங்கில ஓவியர் மில்லே, சவர்க்காரக் குமிழியை அண்ணாந்து பார்க்கும் தம் பேரனைத் தீட்டினார். அவ்வோவியம் பியர்ஸ் சவர்க்காரத்தின் விளம்பரமாயிற்று. அப்பேரன் வளர்ந்து பிரித்தானியக் கடற்படையின் அட்மிரலாக உயர்ந்த பின்னரும் ‘பபிள்ஸ்’ என்ற பட்டப்பெயர் அவரை விடவில்லை. ஓர் அட்மிரலாலேயே உதற முடியாத முகத்தைச் சாதாரணப் பிள்ளை எவ்வாறு உதறும்?

உலகச் சட்டங்கள் இதில் மெல்ல மெல்லவே விழித்தன. சாப்ளினின் ‘த கிட்’ (1921) படத்துச் சிறுவன் ஜாக்கி கூகன், தான் உழைத்த பணத்தைத் தாயும் மாற்றுத்தந்தையும் செலவிட்டுவிட்டதைக் கண்டு 1938இல் வழக்காடினார். அதன் விளைவாகவே 1939இல் கலிபோர்னியாவில், குழந்தையின் வருவாயில் ஒரு பகுதியை அதன் பெயரில் ஒதுக்கும் சட்டம் வந்தது. இந்தியாவில் 2017ஆம் ஆண்டின் விதிகள், குழந்தைக் கலைஞர் நாளொன்றுக்கு ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் உழைக்கலாகாது என்றும், வருவாயில் குறைந்தது 20 வீதம் அதன் பெயரில் வங்கியில் நிலையான வைப்பாக இடப்படவேண்டும் என்றும் கூறுகின்றன. இலங்கையில் 1956ஆம் ஆண்டின் பெண்கள், இளம் ஆட்கள், சிறுவர் தொழிலுக்கமர்த்தற் சட்டம் உண்டு; 2021இல் தொழிலுக்கான ஆகக்குறைந்த வயது 14இலிருந்து 16ஆக உயர்த்தப்பட்டது. தேநீர்க்கடையிற் கோப்பை கழுவும் சிறுவனைக் கண்டால் நாம் இச்சட்டத்தை நினைக்கின்றோம். கடைத் திறப்புவிழாவில் அலங்கரிக்கப்பட்டு நிற்கும் சிறுமியைக் கண்டால் நினைப்பதில்லை. அது உழைப்பாக நம் கண்ணுக்குப் படுவதேயில்லை.

யாழ்ப்பாணத்தில் விளம்பர முகவர் நிலையங்களைத் தேடிப் பிள்ளைகளைக் கொண்டுசெல்லும் பெற்றோர் மிகச் சிலராகலாம். அதனால் இவ்விடயம் கொழும்புக்கும் சென்னைக்கும் உரியது என்று எண்ணுவது பிழை. ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் முடிவு வெளியானதும் தனியார் கல்வி நிலையங்களின் மதில்களைப் பாருங்கள். பத்து வயதுப் பிள்ளைகளின் முகங்கள், புள்ளிகளுடன், பதாகைகளில் வரிசையாகத் தொங்குகின்றன. அவை அடுத்த ஆண்டின் மாணவரைச் சேர்ப்பதற்கான விளம்பரங்கள். அம்முகங்களுக்கு எவரும் ஒரு சதமும் கொடுப்பதில்லை, பெற்றோர் பெருமையோடு இலவசமாய்க் கொடுக்கின்றனர். பதாகையில் இல்லாத பிள்ளையும் அவ்வழியாற்றான் பள்ளிக்கூடம் போகிறது. போரினால் நொந்த குடும்பங்களுக்கு உதவுவதாகக் கூறி, குடிசை வாயிலில் நிற்கும் பிள்ளையை அழவைத்துப் படம்பிடித்து, புலம்பெயர்ந்தோரின் பணத்தை எதிர்நோக்கி யூரியூப்பில் ஏற்றுவோரும் உளர். அங்கே வறுமையே நடிப்பாகிறது. பொதியைப் பெற்றுக்கொள்ளும் தாய் ‘வேண்டாம், படம் எடுக்காதையுங்கோ’ என்று சொல்லும் நிலையில் இருக்கிறாளா?

2023ஆம் ஆண்டு இறுதியில் அரியாலையைச் சேர்ந்த சிறுமியொருத்தி தமிழகத் தொலைக்காட்சியொன்றின் இசைப்போட்டியில் முதலிடம் பெற்றாள். அவள் திறமை ஐயத்துக்கு அப்பாற்பட்டது. ஊர் மகிழ்ந்ததும் நியாயமே. அவள் பெயரை இங்கு எழுதாதிருப்பது, அது வேண்டிய அளவுக்கு எழுதப்பட்டுவிட்டது என்பதாலேயே. விமர்சனத்துக்குரியது அவள் பாட்டன்று, அந்நிகழ்ச்சிகளின் அமைப்பு. பாட்டுக்கு முன்னும் பின்னும் பிள்ளையின் துயரக்கதை வேண்டப்படுகிறது. ஈழத்துப் பிள்ளையானால் போர். மலையகத்துப் பிள்ளையானால் தேயிலைத் தோட்டம். நடுவர் கண்ணீர் துடைப்பர். அடுத்த கணம் விளம்பரம் வரும். நம் அவலம் அங்கே நேரம் நிரப்பும் பொருள். அதனை நாமும் இங்கிருந்து கைதட்டிப் பார்த்தோம்.

இவையனைத்திலும் என்னை மிகவும் உறுத்துவது சாமத்தியச் சடங்கின் ஒளிப்பதிவேயாகும். முன்னர் அது உறவினர் கூடும் வீட்டுச் சடங்கு. ஒரு புகைப்படத் தொகுப்போடு முடிந்தது. இன்று பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளை சினிமாக் கதாநாயகி போல் உடுத்தி, கடற்கரையிலும் தோட்டத்திலும் இயக்குநர் சொன்னபடி திரும்பிப் பார்த்து, சிரித்து, நடந்து காட்ட வேண்டும். காதற்பாட்டு பின்னணியில் ஒலிக்கிறது. படப்பிடிப்பு நிறுவனம் அதன் சிறந்த பகுதியைத் தன் பெயரும் தொலைபேசி இலக்கமும் பொறித்து முகநூலிலும் யூரியூப்பிலும் இடுகிறது. இதன் பொருளாதாரத்தைக் கவனித்தல் தகும். பெரும்பணம் கொடுத்தவர் பெற்றோர். நாள் முழுதும் உழைத்தவள் பிள்ளை. விளம்பரம் பெற்றது நிறுவனம். பாய்ஸ் கம்பனி முதலாளிகூடச் சிறுவனுக்குச் சோறிட்டான். இங்கே மாதிரிப்பெண்ணின் வீட்டார் முதலாளிக்குக் கூலி கொடுக்கின்றனர். பிள்ளை விரும்பித்தானே செய்தது என்பர். கூடப்படிப்பவர் எல்லோருக்கும் அவ்வாறு நடந்திருக்க, தனக்கு வேண்டாமென்று சொல்லும் வலிமையைப் பன்னிரண்டு வயதிடம் எதிர்பார்ப்பது பொருந்துமா?

இவ்விடத்தில் 1970களின் இறுதியில் யாழ்ப்பாணத்தில் உருவான சிறுவர் அரங்கை நினைத்துக்கொள்ளலாம். குழந்தை ம. சண்முகலிங்கத்தின் ‘கூடி விளையாடு பாப்பா’ போன்ற நாடகங்களிற் பிள்ளைகள் ஆடிப்பாடியது பார்ப்போரின் வியப்புக்காகவன்று. விளையாட்டே அங்கு நாடகத்தின் பொருளும் வடிவுமாயிற்று. ஆகவே பிள்ளைகளை மேடைக்குக் கொண்டுவருவதையே நான் எதிர்ப்பதாகக் கொள்ளவேண்டாம். மேடையிலிருந்து இறங்கும்போது பிள்ளை எதனைக் கையிற் கொண்டு இறங்குகிறது என்பதே என் கேள்வி.

மகரக்கட்டு கம்பனிச் சிறுவனுக்குக் கொடியதாயினும், ஒருவகையில் அது விடுதலையுமாயிருந்தது. குரலோடு அப்பருவமும் முடிந்தது, கொட்டகை பிரிக்கப்பட்டது, பார்த்தவர் மறந்தனர். ஒளிப்பதிவுக்கு மகரக்கட்டு இல்லை. பிள்ளை இருபது வயதுப் பல்கலைக்கழக மாணவியானபின்னும் அப்பன்னிரண்டு வயதுப் படம் அதே புன்னகையுடன், அறியாதவர் இடும் கருத்துக்களுடன், அங்கேயே நிற்கும். பிரான்ஸ் 2020இல் இயற்றிய சட்டம், இணையத்தில் ஏற்றப்பட்ட தம் பதிவுகளை நீக்கும்படி பெற்றோரின் சம்மதமின்றியே கேட்கும் உரிமையைச் சிறுவர்க்கு அளித்துள்ளது. நம்மூர்ப் படப்பிடிப்பாளரோடு பெற்றோர் பேசிமுடிக்கும்போது மண்டபம், உடை, வாகனம், பிரதிகளின் எண்ணிக்கை யாவும் பேசப்படுகின்றன. படத்தை எங்கே, எவ்வளவு காலம் வைத்திருக்கலாம், நீக்கும்படி யார் கேட்கலாம் என்பது பேசப்படுவதில்லை. அந்தப் பேச்சு நடக்கும் அறையில் பெரும்பாலும் அப்பிள்ளையும் இருப்பதில்லை.