ஓரத்தில் நின்றோர்: சிறுவேட நடிகரும் நமது திறனாய்வும்

திரைப்படம் ஒன்றைப் பற்றி எழுதப் புகுவோர் முதலில் இயக்குநரையும், அடுத்து நாயகன் நாயகியரையும், பின்னர் கதை, ஒளிப்பதிவு, இசை ஆகியவற்றையும் பற்றிப் பேசி, இறுதியில் 'ஏனையோரும் தத்தம் பங்கினைச் செவ்வனே செய்துள்ளனர்' என்னும் ஒற்றை வாக்கியத்துடன் முடித்துக்கொள்வது நம்மிடையே மரபாகிவிட்டது. அந்த 'ஏனையோர்' என்ற சொல்லுக்குள் அடங்கிப்போனவர்களே இக்கட்டுரையின் பொருளாவர். நாம் இங்குக் கருதுவது, கூட்டத்தில் ஒருவராக நின்று கலைந்துபோகும் துணை நடிகரை மாத்திரம் அன்று. ஓரிரு காட்சிகளில் வழக்கறிஞராகவோ, கணக்கப்பிள்ளையாகவோ, கடன் கொடுத்தவராகவோ, வேலைக்காரியாகவோ தோன்றி, நான்கு வார்த்தை பேசி, நாயகனுக்கு வழிவிட்டு மறையும் சிறுவேட நடிகரே நமது முதன்மைக் கவனத்துக்குரியவர்.

இவரைப் பற்றி நிலவும் பொதுக் கருத்து எளிமையானது. நாயகனாக முடியாதவர் சிறுவேடத்தில் தங்கிவிட்டார். வாய்ப்புக் கிடைத்திருந்தால் அவரும் உயர்ந்திருப்பார் என்பர். இக்கருத்து இரக்கத்திலிருந்து பிறப்பதாயினும் தவறானது. சிறுவேடம் என்பது நாயக வேடத்தின் குறைந்த அளவு எனக் கொள்வதே அதன் அடிப்படைப் பிழை. சிறுவேடத்துக்கெனத் தனி இலக்கணம் உண்டு. அதனை உணராத வரையில், நடிப்பை நாம் கண்டு எழுதுவதில்லை. திரையில் தோன்றும் நேரத்தையே அளந்து எழுதுகிறோம்.

இவ்வகை நடிகர் பெருந்தொகையாகத் தோன்றிய இடம் 1930 முதல் 1950கள் வரையிலான ஹொலிவூட் ஆகும். பெரும் படநிறுவனங்கள் தொழிற்சாலைகளைப் போல இடைவிடாது படங்களை ஆக்கிய அக்காலத்தில், பார்த்தவுடன் 'இவர் இன்னார்' என்று இனங்காணத்தக்க முகங்கள் எந்நேரமும் தேவைப்பட்டன. பெஸ் ஃபிளவர்ஸ் என்னும் நடிகை விருந்துக் காட்சிகளிலும் அரங்கக் காட்சிகளிலும் நேர்த்தியாக உடுத்திய சீமாட்டியாகப் பல நூறு படங்களில் தோன்றினார். சொந்த உடைகளுடன் வருவோருக்குக் கூடிய ஊதியம் வழங்கப்பட்ட தொழில் அது. அவருடைய உடைப்பேழையே அவருக்கு முதலீடாயிற்று. சிறந்த படத்துக்கான ஒஸ்கார் பெற்ற 5 படங்களில், 1934இன் 'இட் ஹப்பென்ட் வன் நைட்', 1950இன் 'ஆல் அபௌட் ஈவ்' உட்பட, அவர் இருக்கிறார். இருந்தும் அப்படங்களைக் கண்டோருள் அவர் பெயரை அறிந்தோர் மிகச் சிலரே. மறுபுறத்தில், கூட்டத்தில் ஒருவராகத் தொடங்கிய வோல்ட்டர் பிரெனன், துணை நடிகருக்கான ஒஸ்கார் முதன்முதலாக வழங்கப்பட்ட 1936ஆம் ஆண்டிலும், பின்னர் 1938, 1940 ஆகிய ஆண்டுகளிலும் அதனைப் பெற்றார். துணை வேடத்துக்கெனத் தனிப் பரிசு ஒன்றை வகுத்தமை, அது தனிக் கலை என அத்தொழிலே ஒப்புக்கொண்டமைக்குச் சான்று எனலாம்.

தமிழ்ச் சினிமாவில் இவ்வகை நடிகர் தோன்றிய விதம் வேறு. இங்கு அவரை உருவாக்கியது பாலர் நாடக சபை. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையும் அதன் வழிவந்த குழுக்களும் சிறுவர்களைச் சேர்த்து, உணவும் உறையுளும் கொடுத்து, பாடவும் பேசவும் ஆடவும் பயிற்றின. அங்கு ஒரு சிறுவன் தன் வேடத்தை மட்டுமன்றிப் பிறர் வேடங்களையும் பாடம் செய்தல் வேண்டும். ஸ்திரீபார்ட்டில் புகழ்பெற்றவன் மகரக்கட்டு வந்து குரல் உடைந்ததும் மறுநாளே காவலன் வேடத்துக்கு இறங்க நேரும். ஆகவே, ஏற்றமும் இறக்கமும் அக்கலைஞரின் பயிற்சியிலேயே அடங்கியிருந்தன. 1930களின் நடுப்பகுதியில் சேலத்தில் எழுந்த மொடேர்ன் தியேட்டர்ஸ் போன்ற நிறுவனங்கள் கலைஞரை மாதச் சம்பளத்துக்கு அமர்த்தியபோது, சபைகளில் பயின்ற இவர்களே அங்கும் சென்றனர். வசனம் பேசும் தெளிவும், குறிப்பறிந்து இடம்விடும் பழக்கமும் அவர்களுடன் சென்றன.

இந்நடிகர்தம் வரலாற்றை அவர்களுடைய அடைமொழிகளே சுருக்கமாகச் சொல்லிவிடும். 1949இல் வெளிவந்த 'மங்கையர்க்கரசி'க்குப் பின் ராதாகிருஷ்ணன் 'காக்கா' ராதாகிருஷ்ணன் ஆனார். 1956இன் 'குலதெய்வம்' ராஜகோபாலுக்குப் பெயரளித்தது. 1967இல் 'நான்' படத்தில் சலித்துக்கொள்ளும் ஒருவராக வந்த கண்ணையா, அச்சலிப்பின் முதற் சொல்லையே பெயராகப் பெற்று 'என்னத்த' கண்ணையா ஆனார். நாயகருக்கு மக்கள் பட்டம் சூட்டுவர். சிறுவேட நடிகருக்கோ பாத்திரமோ படமோ பெயர் சூட்டும். இவ்வடைமொழி பரிசாகவும் தளையாகவும் ஒருங்கே அமைவது. மக்கள் அவரை மறவாதிருக்க அது உதவும். ஆயினும் வேறொருவராக அவரை நோக்கவிடாது. அத்தளைக்குள்ளேயே நின்று, 'நான்' வெளிவந்து 40 ஆண்டுகள் கழிந்தபின், 2007இல் 'தொட்டால் பூ மலரும்' படத்தில் வாடகைக் கார் ஓட்டுநராக வந்த கண்ணையா, ஒரு சிறு தொடரால் புதிய தலைமுறை ஒன்றின் பேச்சு வழக்குக்குள் புகுந்துவிட்டார். 1992இல் 'தேவர் மகன்' படத்தில் முதிய காக்கா ராதாகிருஷ்ணன் தோன்றியபோதும், பழைய அடைமொழிக்கு அப்பாற்பட்ட ஒரு நடிகரையே கண்டோம்.

வாய்ப்பு என்பதன் இரக்கமற்ற தன்மையைத் தமிழ்ப் புனைகதையில் அசோகமித்திரனைப் போல் எழுதியவர் அரியர். அவருடைய 'புலிக்கலைஞன்' சிறுகதையில், படநிறுவன அலுவலகத்துக்கு வேலை கேட்டு வரும் ஒருவன் மேசை நாற்காலிகளுக்கிடையே புலியாகவே மாறிக் காட்டுகிறான். பின்னர் அவனைத் தேடும்போது அவன் கிடைப்பதில்லை. அக்கலைஞனின் ஆற்றல் அந்நிறுவனம் கொடுக்கக்கூடிய இடத்தைவிடப் பெரிது என்பதே அக்கதையின் துயரம். அங்குக் குறைபாடு கலைஞனிடம் இல்லை, அளவுகோலிலேயே உள்ளது.

அளவுகோல் வேறாகவும் இருக்கலாம் என்பதற்கு மட்டக்களப்பு வாவியைச் சூழ்ந்த ஊர்களின் கூத்து மரபே சான்று. அண்ணாவியார் சட்டங் கொடுக்கும்போது அரசனுக்கும் கொடுக்கிறார், கட்டியகாரனுக்கும் கொடுக்கிறார். வட்டக்களரியில் பாத்திரங்கள் தமக்குரிய வரவுப் பாட்டுடனும் ஆட்டத்துடனும் புகுகின்றன. சபையோர் அவற்றை அறிந்துகொள்கின்றனர். சிறிய பாத்திரம் களரியில் நிற்கும் நேரம் குறைவாயினும், அதன் வரவு வரவே. இன்னாருடைய மகன் இன்ன வேடம் கட்டினான் என்பது ஊரின் நினைவில் ஆண்டுக்கணக்காக நிற்கும். சினிமாவில் சிறுவேடத்துக்கு வரவும் இல்லை. பெயரோட்டத்தில் கண்மூடித் திறப்பதற்குள் மறையும் எழுத்துக்கள் மட்டுமே உண்டு.

இக்கூத்து மண்ணின் ஓர் ஊரான அமிர்தகழியிலிருந்து சென்ற ஒருவரே தமிழ்ச் சினிமாவில் ஓரத்தில் நின்றவரை நடுவுக்குக் கொணர்ந்தார் என்பது நோக்கற்பாலது. மாமாங்கேஸ்வரர் ஆலயத்தாலும் ஆடி அமாவாசைத் தீர்த்தத்தாலும் அறியப்பட்ட அவ்வூரில் 1939இல் பிறந்தவர் பாலு மகேந்திரா. 1957இல் வெளிவந்த 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' படத்துக்காக டேவிட் லீன் கிதுல்கலவில் படம்பிடித்ததை மாணவப் பருவத்தில் நேரிற் கண்டதே தம்மைச் சினிமாவின்பால் ஈர்த்தது என அவர் கூறியுள்ளார். இயக்குநர் கட்டளையிட்டதும் மழை பெய்த அதிசயம் அச்சிறுவனை மயக்கியதாம். ஆனால் பிற்காலத்தில் அவர் ஆக்கிய சிறந்த படங்களில் கட்டளைக்குப் பெய்யும் மழையைக் காட்டிலும், ஒரு முதியவரின் மௌனமே மிகுதியாகப் பேசுகிறது.

அம்முதியவர் சொக்கலிங்க பாகவதர். நாடக மேடையில் முதிர்ந்து, திரையில் பெரிதும் அறியப்படாதிருந்தவர். 1988இல் வெளிவந்த 'வீடு' படத்தில் சுதா என்னும் பெண்ணின் தாத்தாவாக அவர் தோன்றினார். சிறந்த தமிழ்ப் படத்துக்கும், அர்ச்சனாவுக்குச் சிறந்த நடிகைக்கும் தேசிய விருதுகளைப் பெற்ற அப்படத்தைப் பற்றிய எழுத்துக்கள் பெரும்பாலும் இயக்குநரையும் நாயகியையும் சுற்றியே அமைந்தன. அது இயல்பே. ஆயினும் கடன், ஒப்பந்தகாரரின் ஏமாற்று, மனை பற்றிய கவலை எனக் கதை நகரும்போது தாத்தாவைக் கவனித்தல் வேண்டும். பேசுவோரைவிடக் கேட்பவராகவே அவர் இருக்கிறார். கேட்டுக்கொண்டிருத்தலை நடிப்பாக்குவது எளிதன்று. காட்சியைத் தம்பக்கம் இழுக்காமல், அதே வேளை அக்காட்சியில் இல்லாதவராகவும் ஆகிவிடாமல் இருப்பதே சிறுவேடத்தின் இலக்கணம் என மேலே நாம் குறிப்பிட்டது. பாகவதரிடம் அது முழுமையாக உள்ளது. முற்றுப்பெறாத வீட்டை அவர் தனியே சென்று பார்க்கும் பகுதியில், அதுவரை அடக்கி வைத்த யாவும் முகத்தில் மெல்ல எழுகின்றன. முன்னர் அவர் அவ்வளவு குறைவாகச் செய்திராவிடின் அப்பகுதி இவ்வளவு கனத்திராது.

அதே படத்தில் கட்டடத் தொழிலாளப் பெண் மங்கம்மாவாக வரும் 'பசி' சத்யாவையும் குறிப்பிடாது விடலாகாது. 1979இன் படம் ஒன்று சூட்டிய அடைமொழியுடன் வந்த அவர், நாயகியின் துன்பத்துக்கு ஆறுதல் கூறும் பாத்திரமாக நின்றுவிடாமல், ஏமாற்றை எடுத்துரைக்கும் உழைப்பாளியாக எழுந்து நிற்கிறார். வீடு உடையோரின் படத்தில் வீடு கட்டுவோருக்கும் குரல் உண்டு என்பது இச்சிறுவேடத்தாலேயே புலனாகிறது.

எனினும் 'வீடு' படத்தில் ஒரு பழைய வழக்கம் எஞ்சியுள்ளது. வீட்டைப் பார்த்துத் திரும்பும் வழியிலேயே தாத்தா இறந்துபோகிறார். மனை அரசினால் எடுக்கப்படும் செய்தி அதன் பின்னரே வருகிறது. முதியவர் இறந்து நம் கண்ணீரைப் பெறுதல் தமிழ்ச் சினிமாவின் நெடுநாள் உத்தி. பாத்திரம் தன் வாழ்வுக்காக அன்றி, நாயகியின் துயரைப் பெருக்குவதற்காக இறக்கிறது. இக்குறையை இயக்குநரே உணர்ந்தார் போலும். 1989இல் அவர் ஆக்கிய 'சந்தியா ராகம்' படத்தில் அதே பாகவதர் மையப் பாத்திரம். மனைவியை இழந்து நகரத்துக்கு உறவினர் வீடு தேடி வரும் அம்முதியவர் வணக்கத்துக்குரிய படமாகச் சுவரில் தொங்குபவர் அல்லர். பசி உள்ளவர், ஆசை உள்ளவர், சிறிய வீட்டில் இடைஞ்சலாகவும் ஆகிவிடுபவர். அன்பும் சலிப்பும் ஒரே கூரையின் கீழ் வாழ்வதை நாம் காண்கிறோம். குடும்பநலம் பற்றிய சிறந்த படத்துக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது.

இதனைச் 'சிறுவேட நடிகருக்கு ஈற்றில் நாயக வேடம் கிடைத்தது' என்று மகிழ்ந்து முடித்துவிடுவது நாம் மறுத்த கருத்துக்கே திரும்புவதாகும். பாகவதர் அங்கு நாயகராக நடிக்கவில்லை. கேட்டிருத்தல், காத்திருத்தல், இடம்விடுதல் என ஓரத்தில் பயின்ற இலக்கணத்தையே படத்தின் நடுவில் நின்று கையாண்டார். உயர்ந்தவர் நடிகர் அல்லர். தன் நோக்கினைத் தாழ்த்தி அவரை நெருங்கிச் சென்றது ஒளிப்படக் கருவியே எனலாம்.

இதன் நிறைவுக் கட்டம் 2013இல் நிகழ்ந்தது. தமது இறுதிப் படமான 'தலைமுறைகள்' கதையில் முதிய தாத்தாவின் வேடத்தைப் பாலு மகேந்திராவே ஏற்றார். பாகவதருக்கு அவர் முன்பு கொடுத்த வேடத்தின் மறுவடிவம் அது. அடுத்த ஆண்டு பெப்ரவரி 13ஆம் நாள் அவர் மறைந்தார். தமிழ்ப் படங்களைப் பேணிக்காக்க ஆவணக்காப்பகம் வேண்டும் என்று இறுதி ஆண்டுகளில் அவர் வற்புறுத்தி வந்தார். நாயகருக்குப் பாட்டும் சுவரொட்டியும் நினைவாக எஞ்சும். சிறுவேட நடிகர் அப்படச்சுருளில் மட்டுமே வாழ்கிறார். அது அழிந்தால் அவரும் அழிவார். ஆகவே அக்கோரிக்கையால் மிகுந்த பயன் பெறக்கூடியோர் இவர்களே.

காப்பகம் அமைப்பது நம் கையில் இல்லை. ஆனால் எழுதுவது நம் கையில் உள்ளது. இவ்வேட்டில் இனி ஒரு படத்தைப் பற்றி எழுத முற்படும் மாணவர் 'ஏனையோர்' என்னும் சொல்லை எழுதுமுன் சற்றுத் தயங்கி, அவ்விடத்தில் ஒருவரது பெயரையும், அவர் செய்த ஒரு செயலையும் எழுதுவாராயின், திரையில் மறுக்கப்பட்ட வரவு அவருக்கு ஏட்டிலாவது கிட்டும்.