துணைக்கு ஒரு செல்

சாத்தான்குளம் பக்கத்துப் பனையேறி, கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவாமல் பாளையில் கட்ட மாட்டார். தடவினால் விடியலில் பதநீர்; மறந்தால் கள். ஒன்றை அதன் பதத்திலேயே நிறுத்தி வைப்பது பெரிய கைவேலை.

கல்லீரல் செல்லுக்கும் அந்தக் கைவேலை தேவை. உடம்பிலிருந்து பிரித்துத் தட்டில் தனியாக விட்டால் சில நாளிலேயே அல்புமின் சுரப்பு குறைந்துவிடும், மருந்தைச் சிதைக்கும் நொதிகளும் ஓய்ந்துவிடும். உயிர் இருக்கும், வேலை இருக்காது.

2008இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் சல்மான் கேதானியும் இந்திய வம்சாவளியினரான சங்கீதா பாட்டியாவும் இந்தச் செல்களை அரை மில்லிமீட்டர் தீவுகளாக அமைத்தார்கள். சுற்றிலும் துணைக்கு எலியின் ஃபைப்ரோபிளாஸ்ட் என்னும் இணைப்புத்திசு செல்கள். (எலியா என்று முகம் சுளிக்காதீர்கள், சுண்ணாம்பையும் யாரும் குடிப்பதில்லை.) தீவுகள் வாரக்கணக்கில் வேலை செய்தன. எனக்கு அந்தத் தீவு வடிவம்தான் அழகு.

மஜ்ஜையில் கிடைக்கும் ஸ்டெம் செல்களும் இந்தத் துணைக்கு ஆகும். அவை கல்லீரலாக மாற வேண்டியதில்லை. பக்கத்தில் இருந்து, ஈரல் செல்லுக்குத் துணையான பொருள்களைச் சுரந்தாலே போதும்.

புது மருந்து ஈரலைக் கெடுக்குமா என்பதை, மனிதருக்குக் கொடுக்கும் முன்பே இப்படியொரு தட்டில் சோதிக்கிறார்கள்.