விலங்குப் பண்ணையை ரசிக்கும் வழி

ஜார்ஜ் ஆர்வெல் எழுதி 1945 ஆகஸ்டில் வெளிவந்த ‘விலங்குப் பண்ணை’ என்ற சிறு நாவலைப் பரீட்சைக்குப் படிக்கும் பாடம் என்று ஒதுக்குகிறவர்களும், அரசியல் நமக்கெதற்கு என்று ஒதுங்குகிறவர்களும், ருஷ்யச் சரித்திரம் கரதலபாடமாகத் தெரிந்தாலொழிய அதைத் தொடக்கூடாதென்று அஞ்சுகிறவர்களுமாகச் சேர்ந்துகொண்டு, ஒரு மத்தியானத்தில் படித்து முடிக்கக்கூடிய புத்தகத்தை எட்ட நின்று கும்பிட்டுவிட்டுப் போவதைப் பார்க்கையில் எனக்கு உண்டாகும் எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. இத்தனைக்கும் ஆசிரியர் நம் பிகார் மோதிஹாரியில் 1903-இல் பிறந்தவர். யுத்த காலத்தில் லண்டன் பி.பி.சி.யிலிருந்து இந்தியாவுக்கு ஒலிபரப்பும் பகுதியில் இரண்டு வருஷம் உழைத்து, பிரசாரம் என்பது எப்படித் தயாராகிறது என்பதை உள்ளிருந்தே பார்த்து அலுத்து, 1943 நவம்பரில் விலகி, அடுத்த பிப்ரவரிக்குள் இதை எழுதி முடித்தவர்.

ஆரம்பப் பாடத்தை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். குடிகாரப் பண்ணைக்காரன் ஜோன்ஸ், ஜார் சக்கரவர்த்தி; புரட்சிக் கனவைச் சொல்லிவிட்டு இறந்துபோகும் கிழப்பன்றி மேஜர், பெரும்பாலும் மார்க்ஸ்; நெப்போலியன் ஸ்டாலின், ஸ்னோபால் டிராட்ஸ்கி; கறுப்பை வெளுப்பாக்கும் ஸ்க்வீலர், அரசாங்கப் பத்திரிகை; உழைத்து உழைத்தே சாகும் குதிரை பாக்ஸர், தொழிலாளி வர்க்கம்; அண்டைப் பண்ணைக்காரர்களில் பிரெடெரிக் ஜெர்மனி, பில்கிங்டன் பிரிட்டன். காற்றாலை, ஐந்தாண்டுத் திட்டம். பிரெடெரிக் மரத்துக்கு ஈடாகக் கொடுக்கும் கள்ள நோட்டு, 1939-இன் ஜெர்மானிய சோவியத் ஒப்பந்தம். பிறகு அவன் வெடி வைத்து ஆலையைத் தகர்ப்பது, 1941-இன் படையெடுப்பு. அவ்வளவுதான்.

துரதிருஷ்டவசமாக, நம் வகுப்பறைகளில் இந்த அவ்வளவுதானே சர்வமும் ஆகிவிட்டது. ஜாதகப் பொருத்தம் பார்க்கிறவரைப்போல, இது இன்னார், அது இன்ன வருஷம் என்று எல்லாவற்றுக்கும் ஜோடி சேர்த்துவிட்டு, கதை புரிந்துவிட்டதென்று புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். பொருந்தும் இடங்களைக் கண்டுபிடிப்பதற்கு ரசிகன் தேவையில்லை. கடையில் விற்கும் நோட்ஸ் புத்தகமே போதும். சரித்திரத்தைத் தெரிந்துகொண்டு இந்நாவலிடம் போவதன் பிரயோஜனம், கதை சரித்திரத்தை விட்டு எங்கே விலகுகிறது என்பதைக் கண்டுகொள்வதில்தான் இருக்கிறது. ஏனெனில் பொருந்துகிற இடத்தில் பேசுவது நிகழ்ச்சி, பொருந்தாத இடத்தில் பேசுவது ஆசிரியர். இந்த ஒரு பேதத்தைப் பிடித்துக்கொண்டவனுக்கு மற்றதெல்லாம் தானே வந்துவிடும் என்பது என் அபிப்பிராயம். ஆகையால் இதைக் கொஞ்சம் விஸ்தாரமாகவே சொல்ல அனுமதியுங்கள்.

பால் விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஜோன்ஸைத் துரத்திய மறுநாளே, பசுக்களிடம் கறந்து வைத்த ஐந்து வாளிப் பால், மற்ற மிருகங்கள் வயலில் அன்றைய அறுவடை வேலையை முடித்துத் திரும்புவதற்குள் காணாமற்போகிறது. பன்றிகளின் தீனியில்தான் அது கலக்கிறது என்று பிற்பாடு தெரிகிறது. தோட்டத்து ஆப்பிள்களும் அவ்வழியே போகின்றன. கதை முழுவதற்கும் திருப்புமுனை இதுவே என்று ஆர்வெல் ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில் சொல்லி, கிரான்ஸ்டாட்டையும் உடன் குறிப்பிட்டிருக்கிறார். கிரான்ஸ்டாட் என்பது 1921 மார்ச்சில், புரட்சியின் செல்லப் பிள்ளைகளாயிருந்த கடற்படை மாலுமிகளே சோவியத் ஆட்சியை எதிர்த்துக் கிளர்ந்து, அதே ஆட்சியின் துப்பாக்கிகளால் நசுக்கப்பட்ட சம்பவம். இனிப் பொருத்திப் பாருங்கள், எத்தனை பிசகு! சரித்திரத்தில் அது உள்நாட்டு யுத்தம் ஏறக்குறைய முடிந்த பிறகு நடந்தது. கதையிலோ அந்த யுத்தத்தைக் குறிக்கும் மாட்டுத் தொழுவப் போருக்கு வெகு முன்னால், புரட்சிக்கு மறுநாளே நடக்கிறது. சரித்திரத்தில் ரத்தம் சிந்தியது; கதையில் வாளி காலியாகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, கிரான்ஸ்டாட்டை ஒடுக்கிய காலத்தில் யுத்த மந்திரியாயிருந்தவர் ஸ்டாலின் அல்லர், சாக்ஷாத் டிராட்ஸ்கி. கதையில் மற்ற விஷயமெல்லாவற்றிலும் அடித்துக்கொள்ளும் நெப்போலியனும் ஸ்னோபாலும், பாலும் ஆப்பிளும் பன்றிகளுக்கே என்ற இந்த ஒரு தீர்மானத்தில் மட்டும் ஒருமனப்படுகிறார்கள் என்பதை ஆசிரியர் ஒரு சிறு வாக்கியத்தில் சொல்லிவிட்டு ஒன்றும் அறியாதவரைப்போல மேலே போய்விடுகிறார். ஸ்னோபால் விரட்டப்படாமல் இருந்திருந்தால் பண்ணை உருப்பட்டிருக்கும் என்று கண்ணீர் விடுகிறவர்கள் அந்த வாக்கியத்தைத் தாண்டிக் குதித்தவர்கள். உங்களிடம் சொல்வதற்கென்ன, எனக்கும் ஸ்னோபாலின் மேல் ஒரு பட்சபாதம் உண்டு. அந்த வாக்கியம் வரும்போதெல்லாம் அது எனக்கே ஒரு குட்டு.

இன்னொரு விலகல், லெனின் இல்லாமை. மேஜருக்கும் நெப்போலியனுக்கும் நடுவில் இருக்க வேண்டிய அந்த மாபெரும் ஆசாமிக்குக் கதையில் ஆசனமே கிடையாது; அவருடைய உடலைப் பதம்பண்ணிக் காட்சிக்கு வைத்த சம்பிரதாயம் மாத்திரம் மேஜரின் மண்டையோட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. இதைக் குறை என்று எழுதிய பண்டிதர்கள் உண்டு. நான் இதை ஆசிரியரின் தந்திரம் என்பேன்: நல்ல தலைவன், கெட்ட தலைவன் என்று சமாதானம் செய்துகொள்ளும் சௌகரியத்தை அவர் வாசகனுக்குக் கொடுக்கவில்லை.

பொருத்தத்துக்காகவே ஆசிரியர் திருத்தம் செய்த இடமும் ஒன்று உண்டு. காற்றாலை வெடிக்கும்போது நெப்போலியன் உட்பட எல்லா மிருகங்களும் குப்புற விழுந்தன என்று முதலில் எழுதியிருந்தவர், 1945 மார்ச்சில், அச்சேறும் தறுவாயில், நெப்போலியன் நீங்கலாக என்று மாற்றச் சொன்னார். ஜெர்மானியர் நெருங்கி வந்தபோது ஸ்டாலின் மாஸ்கோவை விட்டு ஓடவில்லை, அவருக்கும் நியாயம் செய்ய வேண்டும் என்பது காரணம். 1937-இல் ஸ்பெயினில் ஸ்டாலின் ஆட்களின் வேட்டைக்குத் தப்பி மனைவியோடு எல்லை கடந்தவர் செய்த திருத்தம் இது. இந்தப் புத்தகத்தை வெறும் வசைப்பாட்டு என்கிறவர்கள் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

ஆழமற்ற வாசிப்பு எந்தக் கட்சிக்கும் தனிச்சொத்தல்ல. கவி டி. எஸ். எலியட், தாம் இருந்த பதிப்பகத்தின் சார்பில் 1944-இல் இதை நிராகரித்து எழுதிய கடிதத்தில், பன்றிகளே புத்திசாலிகளாகையால் பண்ணையை ஆளத் தகுந்தவை, வேண்டியதெல்லாம் பொதுநல நோக்குள்ள பன்றிகள்தாம் என்ற கருத்தில் உபதேசித்தார். அவ்வளவு பெரிய கவிக்கும் காலி வாளி கண்ணில் படவில்லை. மறுபுறத்தில், அமெரிக்க உளவு இலாகாவின் ரகசியப் பணத்தில் தயாராகி 1954-இல் வெளிவந்த சித்திரப் படம், மிருகங்கள் மீண்டும் கிளர்ந்து நெப்போலியனை வீழ்த்துவதாக முடிவையே மாற்றிவிட்டது. 1943 இறுதியில் டெஹரானில் வல்லரசுகள் கைகுலுக்கிக்கொண்ட சூட்டில் ஆர்வெல் எழுதிய மூலக் கதையின் கடைசிக் காட்சியிலோ, சீட்டாட்டத்தில் பன்றியும் மனிதனும் ஒரே சமயத்தில் இஸ்பேட் ஏஸை இறக்கிச் சண்டை போடுகிறார்கள். அந்தச் சிநேகம் நிலைக்காதென்று தாம் கருதியதாக ஆர்வெல் 1947-இல் உக்ரேனியப் பதிப்பின் முன்னுரையில் விளக்கியிருக்கிறார். இவ்வளவு சரித்திரத்தையும் துடைத்துவிட்டு, அதிகாரம் கெடுக்கும் என்ற பொதுப்படையான நீதியை மட்டும் பிழிந்து கொடுக்கும் இன்றைய நாகரிக விமர்சகர்களைப் பற்றி நான் பேசாமலிருப்பதே மரியாதை.

ஆகவே, சரித்திரமே தெரியாமல் ஒரு முறை படியுங்கள். பிறகு 1917 முதல் 1943 வரையிலான ருஷ்ய வரலாற்றை எந்தச் சிறு நூலிலிருந்தாவது தெரிந்துகொண்டு, பென்சிலோடு மறுமுறை படித்து, பிசகுகிற இடங்களில் மட்டும் கோடு போடுங்கள். கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம்: ஸ்னோபால் யார் என்று வினாத்தாளில் கேட்பதை இந்த வருஷமாவது நிறுத்திவிட்டு, பால் காணாமற்போனபோது ஸ்னோபால் ஏன் வாய் திறக்கவில்லை என்று கேளுங்கள்.