தாடி ஓணானுக்கு மணல் தரை ஏற்றதா?

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வளர்ப்புப் பிராணிக் கடைகளுக்குச் சென்றால், பாலைவன ஊர்வனவற்றுக்கு உகந்தது என்று கூறி, வண்ண வண்ண மணலைப் பைகளில் அடைத்து விற்பதைக் காணலாம். கண்ணாடிக் கூண்டின் தரையில் இதைப் பரப்பிவிட்டால் பிராணி தன் சொந்த நாட்டில் இருப்பதுபோல் மகிழ்ந்திருக்கும் என்பது விற்பவர் கூற்று. மணலைத் தொட்டாலே பிராணி இறந்துவிடும் என்பது எதிர்த்தரப்பாரின் கூற்று. இவ்விரண்டும் அறிவியல் நோக்கில் எவ்வளவு தூரம் நிற்கும் என்று பார்ப்போம்.

இங்கு நாம் பேசும் பிராணி, ஆங்கிலத்தில் பியர்டட் டிராகன் எனப்படும் தாடி ஓணான். விலங்கியலார் இதைப் போகோனா விட்டிசெப்ஸ் என்பர். நம் ஊர் வேலியில் தலையை ஆட்டி நிற்கும் ஓணானும் இதுவும் அகாமிடே என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. வளர்ந்த பிராணி வாலையும் சேர்த்து 45 முதல் 60 செ.மீ. வரை இருக்கும். சினம் கொண்டால் தொண்டையிலுள்ள முட்தோலை உப்பிக் கருக்கிக்கொள்ளும். 'தாடி' என்ற பெயர் இதனால் வந்ததே. இதன் தாயகம் ஆஸ்திரேலியாவின் உட்பகுதி. அந்நாட்டுச் சட்டம் இத்தகைய பிராணிகளை வாணிகத்திற்காக உயிருடன் ஏற்றுமதி செய்ய இடந்தருவதில்லை. எனவே பிற நாட்டு வீடுகளில் இன்று இருப்பவை கூண்டிலேயே தலைமுறை தலைமுறையாகப் பெருகியவை. வளர்ப்போரில் பெரும்பாலோர் இதன் தாயகத்தைப் பையின் மேலுள்ள படத்தில்தான் கண்டிருக்கிறார்கள்.

பெயரும் பொருளும்

'பாலைவனப் பிராணி, பாலைவனம் என்றால் மணல், ஆகவே மணலே தரை' என்ற வாதத்தின் நடுப்படி பலவீனமானது. தாடி ஓணான் வாழும் வறண்ட நிலத்தில் மணலும் உண்டு, களிமண்ணும் உண்டு, பாறையும் புதரும் உண்டு. அது வெயில் காய்வதும் இரை பார்ப்பதும் பெரும்பாலும் மரக்கிளை, வேலிக்கம்பம், பாறை ஆகியவற்றின் மேல் ஏறி நின்றுதான். அங்குள்ள மண்ணிலும் களிமண் கலந்திருக்கும் இடங்களில் மழை நனைத்து வெயில் காய்ச்சி நிலம் இறுகிக் கிடக்கும். பையிலுள்ள மணலோ கழுவி, சலித்து, ஒரே அளவான பருக்கைகளாக்கப்பட்டது. காய்ந்த நிலையில் அதன் பருக்கைகளைப் பிணைக்க ஒன்றுமில்லை.

மாணவர்கள் இதை வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு கிண்ணத்தில் தூய மணலையும், மற்றொன்றில் மணலுடன் களிமண் கலந்ததையும் நனைத்து அழுத்தி, வெயிலில் நன்றாகக் காயவைத்து நகத்தால் கீறுங்கள். முதலாவது உதிரும், இரண்டாவது எளிதில் உதிராது. களிமண் துகள்கள் 0.002 மி.மீ.க்கும் சிறியவை. அவை மணற் பருக்கைகளின் இடுக்குகளில் புகுந்து அவற்றைக் கட்டிவிடுகின்றன.

பருக்கை உதிர்வதால் என்ன கேடு? தாடி ஓணான் சிறு பூச்சிகளை ஒட்டும் தன்மையுள்ள நாக்கை நீட்டிப் பிடிக்கிறது. உதிரி மணலின் மேல் ஓடும் பூச்சியைப் பிடித்தால் பூச்சியோடு மணலும் ஒட்டிக்கொண்டு உள்ளே போகும். இறுகிய தரையில் இது மிகவும் குறைவு.

செரிக்கும் மணல்

மணற் பைகளில் ஒருவகை, கால்சியம் கார்பனேட்டால் ஆனது. உண்டாலும் வயிற்றில் கரைந்து உடலுக்குச் சத்தாகும் என்பது அதற்குத் தரப்படும் நற்சான்று. இதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு கிராம் கால்சியம் கார்பனேட் முழுவதும் கரைய 0.02 மோல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் வேண்டும். பி.எச். மதிப்பு 2 உள்ள கரைசலில் லிட்டருக்கு 0.01 மோல் அமிலமே உண்டு. அதாவது ஒரு கிராம் மணலுக்கு இரண்டு லிட்டர் கரைசல் தேவை! பிராணியின் மொத்த எடையே அரைக் கிலோ அளவுதான். வயிறு அமிலத்தைத் தொடர்ந்து சுரக்கும் என்பது உண்மையே. எனினும் கரையும் ஒவ்வொரு பருக்கையும் செரிமானத்திற்கு வேண்டிய அமிலத்தைச் செலவழித்தே கரைகிறது. எஞ்சியது கட்டியாகித் தங்கக்கூடும்.

மறுதரப்பின் பிழை

இதனால் மணலை அடியோடு விலக்குவோர் கூறுவதெல்லாம் சரியாகிவிடாது. காகிதம் விரித்த கூண்டில் வளரும் பிராணிக்கும் குடலடைப்பு வருவதுண்டு. ஊர்வனவற்றின் உடல் வெப்பம் சுற்றுப்புறத்தைச் சார்ந்தது. கூண்டு குளிர்ந்திருந்தால் குடலின் இயக்கம் மந்தமாகும். உடலில் நீர் குறைந்தாலும் அவ்வாறே. 290 முதல் 320 நானோமீட்டர் வரையுள்ள புற ஊதாக் கதிர் தோலில் பட்டால்தான் வைட்டமின் டி3 உண்டாகி, உணவிலுள்ள கால்சியம் உடலில் சேரும். கால்சியம் குறைந்தால் குடல் தசையும் தளரும். நல்ல வெப்பமும் ஒளியும் பெற்ற பிராணி, உள்ளே போகும் சில பருக்கைகளைப் பெரும்பாலும் வெளியேற்றிவிடுகிறது. விளக்குப் பழுதான கூண்டில் மணலை மட்டும் குற்றம் சாட்டிவிட்டு விளக்கை மாற்றாமல் இருந்தால், நோய் மீண்டும் வரும்.

வெப்பத்தின் திசை

விற்பவர், மறுப்பவர் இருவரும் பெரும்பாலும் கவனியாத ஒன்றுண்டு. வெயில் நேரத்தில் நிலத்தைத் தோண்டினால் கீழே குளிர்ச்சி. சூடு மிகும்போது பிராணி மண்ணைப் பறிப்பதன் காரணங்களில் இதுவும் ஒன்று. கூண்டின் அடியில் மின் வெப்பத் தகடு வைத்து மேலே மணலைக் குவித்தால் இது தலைகீழாகிறது. காய்ந்த மணல் வெப்பத்தை எளிதில் கடத்தாது. தகட்டின் வெப்பம் மேலே வர வழியின்றி அடியிலேயே தேங்கும். குளிர்ச்சி தேடித் தோண்டும் பிராணி சூட்டையே அடையும். ஆகையால் வெப்பம் மேலிருந்து, விளக்கிலிருந்து வரவேண்டும். வெயில் காயும் இடத்தில் 40 டிகிரி செ. அளவிலும், மறுகோடியில் 25 டிகிரி அளவிலும் இருத்தல் நலம்.

எதைத் தேர்வது?

குஞ்சுகளுக்கும் நோயுற்றவற்றுக்கும் காகிதமே சிறந்தது. கழிவைக் கண்டறிந்து உடனே மாற்றலாம். வளர்ந்த பிராணிக்குச் சொரசொரப்பான பீங்கான் ஓடு பொருந்தும். கழுவுவது எளிது, நகமும் தேயும். தோண்டும் இயல்புக்கு இடந்தர விரும்புவோர், உரம் கலவாத மண்ணையும் மணலையும் சேர்த்து நனைத்து, அழுத்தி, முற்றிலும் காய்ந்தபின் பிராணியை விடலாம். முட்டையிடும் பெட்டைக்கு ஈரமண் நிரப்பிய பெட்டி தனியே வேண்டும். எந்தத் தரையானாலும் இரையைத் தட்டில் வைப்பது நல்லது. வாதுமை ஓட்டுத் தூள், கூழாங்கல், வாசனை எண்ணெயுள்ள மரச்சீவல், நகம் சிக்கும் கம்பளம் ஆகியவற்றை விலக்குக.

எதை வாங்கினாலும் 'இது இயற்கையானதா' என்று கேட்பதில் பயனில்லை. அது உதிருமா, நாக்கில் ஒட்டுமா, ஈரத்தைத் தேக்குமா, வெப்பத்தை எத்திசையில் கடத்தும் என்று கேட்கவேண்டும். இக்கேள்விகளுக்குப் பையின் மேலுள்ள படத்தில் விடை இராது. ஒரு கிண்ணமும் வெப்பமானியும் இருந்தால் பெரும்பாலும் நாமே விடை காணலாம்.