கணக்கு வாத்தியார் நடத்திய யுத்தம்

பி.காம். படித்தவன் யுத்தப் படம் பார்க்க உட்கார்ந்தால் எதைப் பார்ப்பான்? கணக்கைத்தான் பார்ப்பான். வியட்நாம் யுத்தத்தைப் பற்றி ஹாலிவுட் எடுத்துத் தள்ளிய படங்களில் ஹெலிகாப்டர், காடு, மழை, புத்தி பேதலித்த சிப்பாய் எல்லாம் உண்டு. எனக்கு அதிகம் பிடித்தது, ஒரு பெரியவர் கோட்டு, டையோடு உட்கார்ந்து நம்மைப் பார்த்து ஒன்றே முக்கால் மணி நேரம் பேசுகிற படம்தான். 'தி ஃபாக் ஆஃப் வார்'. எர்ரால் மோரிஸ் 2003-ல் எடுத்த டாக்குமெண்டரி. அடுத்த வருடமே ஆஸ்கர் வாங்கியது.

பேசுகிறவர் ராபர்ட் மெக்நமாரா. அப்போது வயது 85. 1961 முதல் 1968 வரை அமெரிக்காவின் ராணுவ மந்திரி. அதற்கு முன்னால் என்ன செய்தார் தெரியுமா? ஹார்வர்டில் அக்கவுண்டன்ஸி வாத்தியார்! இரண்டாம் உலகப் போரில் விமானப் படைக்குப் புள்ளிவிவரம் போட்டுக் கொடுத்தார். பிறகு ஃபோர்டு கார் கம்பெனி. அங்கே தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து சில வாரம்கூட ஆகவில்லை, கென்னடி கூப்பிட்டுவிட்டார்.

கதைச் சுருக்கம் தெரியாதவர்களுக்காக: 1954-ல் ஜெனீவாவில் பேசி வியட்நாமை இரண்டாகப் பிரித்தார்கள். வடக்கே ஹோ சி மின்னின் கம்யூனிஸ்ட் அரசு. தெற்கே அமெரிக்கா முட்டுக்கொடுத்த அரசு. ஒப்பந்தத்தை மேற்பார்வையிட்ட சர்வதேசக் கமிஷனுக்குத் தலைமை நம் இந்தியாதான். 1956-ல் தேர்தல் வைத்து நாட்டை ஒன்றாக்குவதாக ஏற்பாடு. தேர்தல் நடக்கவே இல்லை. நடந்தால் ஹோ சி மின் ஜெயித்துவிடுவாரே! ஒரு நாடு சிவப்பானால் பக்கத்து நாடுகளும் வரிசையாகச் சரியும் என்று வாஷிங்டன் நம்பியது. படத்தில் ஆசியாவின் மேப் மேல் டாமினோ கட்டைகள் ஒவ்வொன்றாகச் சரிவதைக் காட்டுகிறார் மோரிஸ்.

இந்த பயம் நமக்கும் புதுசில்லை. 1950 பிப்ரவரி 7-ம் தேதி, பிரெஞ்சுக்காரர்கள் உட்கார வைத்த பாவோ தாய் அரசை அமெரிக்கா அங்கீகரித்தது. வியட்நாமில் அது எடுத்து வைத்த முதல் காலடிகளில் ஒன்று. சரியாக நான்கு நாள் கழித்து, பிப்ரவரி 11-ம் தேதி, நம்ம சேலம் மத்திய சிறையில் துப்பாக்கிச் சூடு. கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் மலபார்க்காரர்கள். சென்னை மாகாணத்தில் அப்போது கட்சிக்கே தடை. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஆனால் 'சிவப்பு' என்று முத்திரை விழுந்துவிட்டால் மனிதன் மறைந்துபோகிறான் இல்லையா, அது இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

படத்துக்கு வருவோம். எனக்குத் தூக்கிவாரிப் போட்ட காட்சி ஜப்பான் மீது குண்டு போடுவது. விமானத்திலிருந்து குண்டுக்குப் பதில் எண்கள் கொட்டுகின்றன! டோக்கியோவில் 1945 மார்ச்சில் ஒரே ராத்திரியில் ஒரு லட்சம் பேர் வெந்து செத்ததை மெக்நமாரா சொல்கிறார். எரிந்த ஒவ்வொரு ஜப்பானிய ஊருக்கும் பக்கத்தில் அதே அளவுள்ள அமெரிக்க ஊரின் பெயரைப் போடுகிறார் மோரிஸ். நீங்களும் நம்ம பக்கத்து ஊர்களைப் போட்டுப் பாருங்கள். சேலத்தில் பாதி, ராசிபுரத்தில் முக்கால்வாசி, நாமக்கல் மொத்தமும்... வயிற்றைப் பிசைகிறதா? அதுதான் டைரக்டர் வேண்டியது.

இதே கணக்குப் புத்தியோடுதான் வியட்நாமுக்குப் போனார்கள். அங்கே ஒரு சிக்கல். சாதாரண யுத்தத்தில் எவ்வளவு தூரம் முன்னேறினோம் என்று மேப்பில் கோடு போடலாம். இது கெரில்லா யுத்தம். கோடே கிடையாது. சரி, எத்தனை எதிரிப் பிணம் விழுந்தது என்று எண்ணு! பிணக் கணக்கு கூடினால் ஆபீஸருக்கு நல்ல பெயர். அப்புறம் என்ன நடக்கும்? வருஷக் கடைசியில் பாலன்ஸ் ஷீட்டை அழகுபடுத்துகிற கம்பெனியில் என்ன நடக்குமோ அதேதான். வயலில் செத்துக் கிடந்த விவசாயியும் எதிரிக் கணக்கில் சேர்ந்தார். ரிப்போர்ட்டுகளில் அமெரிக்கா ஜெயித்துக்கொண்டே இருந்தது. 1969-ல் அங்கே ஐந்து லட்சத்து நாற்பதாயிரம் அமெரிக்கத் துருப்புகள். 1975 ஏப்ரல் 30-ம் தேதி சைகோன் விழுந்தது.

நாமக்கல்லில் எந்தக் கோழிப்பண்ணைக்காரரையும் கேளுங்கள். எத்தனை முட்டை, எத்தனை மூட்டை தீவனம், எத்தனை கோழி செத்தது, எல்லாம் அவரிடம் நோட்டில் இருக்கும். இருந்தாலும் காலையில் ஷெட்டுக்குள் ஒரு நடை நடப்பார். கோழி சத்தம் எப்படி இருக்கிறது, தீவனத்தைக் கொத்துகிறதா, ஒதுங்கி நிற்கிறதா என்று பார்ப்பார். சீக்கு நோட்டில் ஏறுவதற்குள் பாதி ஷெட் காலியாகிவிடும் என்பது அவருக்குத் தெரியும். மெக்நமாரா வியட்நாமுக்குப் பல தடவை போனவர்தான். போன இடத்திலும் அவருக்கு நோட்டைத்தான் காட்டினார்கள். அந்த ஜனங்களுக்கு இது கம்யூனிஸ யுத்தம் இல்லை, சுதந்திர யுத்தம் என்பது அப்போது ஏறவில்லை. 1995-ல் ஹனோய் போனபோது வியட்நாமின் முன்னாள் வெளியுறவு மந்திரி அவரிடம் கோபமாகக் கேட்டாராம், நீங்கள் சரித்திரமே படித்ததில்லையா என்று.

இவ்வளவு நல்ல படத்தின் மேல் எனக்கு இரண்டு குறை.

ஒன்று, மெக்நமாரா தப்பை ஒப்புக்கொள்கிறார், கண் கலங்குகிறார், ஆனால் மன்னிப்பு என்ற வார்த்தை மட்டும் வரவில்லை. பதவியை விட்டு இறங்கிய பிறகும் யுத்தத்தை எதிர்த்து ஏன் வாய் திறக்கவில்லை என்று கடைசியில் மோரிஸ் கேட்கிறார். பதில் சொல்ல மறுத்துவிடுகிறார் பெரியவர். அந்த இடத்தில் டைரக்டர் இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்திருக்கலாம். அவரோ பின்னணி இசையை விட்டு நகர்ந்துவிடுகிறார்.

இரண்டாவது குறைதான் பெரிசு. ஒரு வியட்நாம்காரர்கூட படத்தில் பேசவில்லை. அந்த மந்திரியின் கோபமும் மெக்நமாரா வாய் வழியாகத்தான் நமக்கு வருகிறது. வாஷிங்டன் நினைவுச் சுவரில் 58,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாகப் பொறித்திருக்கின்றன. வியட்நாம் பக்கம் பொதுஜனம் இருபது லட்சம், போராளிகள் பதினோரு லட்சம் என்று அந்த அரசு 1995-ல் சொன்னது. இவர்களை வெறும் எண்ணாகப் பார்த்ததால்தான் அந்த யுத்தம் நாசமாய்ப் போனது என்று சொல்லும் படம், அவர்களை எண்ணாகவே விட்டுவிடுகிறது.

மெக்நமாரா 2009-ல் காலமானார். படம் இருக்கிறது. கட்டாயம் பாருங்கள். முக்கியமாக, ஆபீஸில் டார்கெட் சார்ட் போடுகிறவர்கள்.