புரிசையின் முகவீணை

கார்த்திகை தீப ஜோதியைத் தரிசிக்கத் திருவண்ணாமலைக்கு வருகிற ரசிகர்கள், அதே ஜில்லாவில் செய்யாற்றுப் பக்கத்துப் புரிசையில் பரம்பரையாக வாழ்ந்துவரும் தெருக்கூத்தின் முகவீணையைக் கேளாமல் திரும்புவது பெரும் நஷ்டம் என்றே சொல்வேன். நாகஸ்வரத்தின் குலத்தைச் சேர்ந்த அந்தச் சிறு குழல், ஆர்மோனியம் சுருதி கூட்ட, மிருதங்கமும் தாளமும் உடன்வர, திரைக்குப் பின்னே நிற்கும் துரியோதனன் விருத்தத்தைத் தொடங்கியதும், அவனுடைய ஸ்வரத்தைப் பற்றிக்கொண்டு, அவன் மூச்சு வாங்கும் இடைவெளியையும் தன் நாதத்தால் நிரப்பி, கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் கிழவிவரை ரௌத்ரத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. இவ்வூர்க் கூத்துக் கலைஞர் கண்ணப்பத் தம்பிரானின் கூத்தில் மனம் பறிகொடுத்த நாடகாசிரியர் ந. முத்துசாமி 1977-இல் கூத்துப்பட்டறை என்னும் நாடகக் குழுவைத் தோற்றுவித்தார். ரிச்சர்ட் ஃபிராஸ்கா என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர், பாரதக் கூத்தைப் பற்றிய தம் நூலை 1990-இல் வெளியிட்டார். இந்தக் கூத்தின் சங்கீதத்தைப் பதிவு செய்யப் புகுவோர், சிறு துணுக்குகளோடு திருப்தியடையாமல், இராமுழுதும் விழித்திருந்து, பாடகனின் குரல் களைத்தபின் குழல் அதனை எவ்வாறு தாங்குகிறது என்பதையும் பதிவு செய்தல் அவசியம். ஏட்டுப் பிரதி எதிலும் அந்த நுட்பம் அகப்படாது.