மாமனார் வங்கி

மழை பொய்ப்பதற்கும் மனைவியை அடிப்பதற்கும் என்ன சம்பந்தம்? டீக்கடையில் கேட்டால், ‘வேலை இல்லைன்னா குடிப்பான், குடிச்சா அடிப்பான்’ என்பார்கள். படித்தவர்கள், ‘வெயில் ஏறினால் கோபம் ஏறும்’ என்பார்கள். இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் இரண்டுமே அடிக்கிறவனை, பாவம், தன்வசம் இழந்தவனாக்கி விடுகின்றன.

ஷீத்தல் சேக்ரி, ஆடம் ஸ்டோரிகார்ட் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 2014-ல் வெளியிட்ட கட்டுரையைப் படித்தால் இந்த அனுதாபம் போய்விடும். 2002 முதல் 2007 வரை 583 இந்திய மாவட்டங்களில் பெய்த மழையையும், பதிவான வரதட்சணை மரணங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். எந்த மாவட்டத்திலும் மழை வருஷா வருஷம் கூடிக் குறைவது சகஜம்தான். அந்த வழக்கமான ஏற்ற இறக்கத்தின் அளவுக்கு மழை சராசரியைவிடக் குறைந்தால், வரதட்சணை மரணம் 7.8 சதவீதம் கூடுகிறது. அதிகமாகப் பெய்த வருஷத்தில் மாற்றம் ஏதும் தெரியவில்லை. ‘பஞ்சம் வந்தால் எல்லாக் குற்றமும்தானே பெருகும்?’ என்று கேட்பீர்கள். அவர்களும் கேட்டுக்கொண்டு மற்ற குற்றங்களின் கணக்கையும் பார்த்தார்கள். ஊரில் பொதுவாக ஒழுங்கு கெட்டதால்தான் இது என்று சொல்ல ஆதாரம் கிடைக்கவில்லை.

அப்படியானால் இது கோபம் இல்லை. வசூல்.

வயல் காய்ந்தால் பணம் வேண்டும். அது இருக்கிற இடம் பெண்டாட்டியின் பிறந்த வீடு. ‘உங்கப்பன்கிட்ட போய் வாங்கிட்டு வா.’ வாங்கி வராவிட்டால் அடி. அவள் செத்தே போனால் இன்னொரு கல்யாணம், இன்னொரு வரதட்சணை. கெட்ட வருஷத்திலும் குடும்பச் செலவு குறையாமல் சமாளிப்பதைப் பொருளாதாரத்தில் ‘நுகர்வைச் சமன் செய்தல்’ என்கிறார்கள். சேமிப்பு, கடன், இன்ஷூரன்ஸ் வரிசையில் மாமனாரும் ஒரு வழி. இந்தச் சொல்லோடு எனக்குத் தீராத சண்டை. இஸ்திரி போட்டாற்போல் இருக்கிறது.

ஃபிரான்சிஸ் பிளாக், விஜயேந்திர ராவ் இருவரும் 2002-லேயே பட்டவர்த்தனமாக எழுதினார்கள். அவர்கள் கட்டுரைக்கு ‘பேரத்துக்கு ஓர் ஆயுதமாகப் பயங்கரம்’ என்ற பொருளில் தலைப்பு. கர்நாடகத்தில் மூன்று கிராமங்களில், மண்பாண்டம் செய்யும் சமூகத்தில் விசாரித்தார்கள். குறைவாக வரதட்சணை கொண்டுவந்தவள் அடிபடும் வாய்ப்பு அதிகம். இது எதிர்பார்த்ததுதான். ஆனால் வசதியான வீட்டிலிருந்து வந்தவளுக்கும் அந்த வாய்ப்பு அதிகம்! வெறும் கோபத்துக்கு மாமனாரின் சொத்து விவரம் எப்படித் தெரியும்?

இந்த இடத்தில் எனக்கு ஒரு கேள்வி. மாமனார் வங்கி இருக்கட்டும், ஊரில் நிஜ வங்கி என்ன செய்கிறது?

பஞ்சத்திலும் வட்டிக்காரனிடமும் விவசாயி சிக்கிச் சாகக்கூடாது என்றுதான் 1904-ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டமே வந்தது. அந்தச் சட்டத்தில் முதலில் பதிவானது நம்ம திருவள்ளூர் பக்கம் திரூர் சங்கம். பெருமைதான். ஆனால் சொசைட்டியில் பயிர்க்கடன் ஏக்கர் கணக்குப்படி. பட்டா பெரும்பாலும் ஆண் பெயரில். பழைய கடன் தவணை தவறியிருந்தால் புதுக் கடன் கஷ்டம். மழை இல்லாத வருஷத்தில்தான் தவணையும் தவறும்! கடைசியில் கை கொடுப்பது நகைக்கடன்.

அந்த நகை யாருடையது? முக்கால்வாசி, அவளுடைய அப்பா போட்டது. ஆக, மாமனார் வங்கிக்கு சொசைட்டி கவுன்ட்டரிலேயே ஒரு கிளை. அப்ரைசர் உரசிப் பார்க்கிறார், எடை போடுகிறார், கல்லுக்குக் கழிக்கிறார். ஆதார் கேட்கிறார்கள். ‘இது உங்க நகையா, உங்க வீட்டம்மா நகையா?’ என்ற கேள்வி மட்டும் இல்லை. சீதனம் முழுக்க மனைவியின் சொத்து, கணவன் அதைப் பாதுகாக்க ஒப்படைக்கப்பட்டவன் மட்டுமே என்று உச்ச நீதிமன்றம் 1985-லேயே பிரதிபா ராணி வழக்கில் சொல்லிவிட்டது. 2005-ன் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், சீதனத்தைப் பறித்து விற்றுத் தீர்ப்பதையும் பொருளாதார வன்முறையில் சேர்த்திருக்கிறது. கவுன்ட்டர் வரைக்கும் சட்டம் வரவில்லை. 2021-ல் தமிழக அரசு ஐந்து பவுனுக்கு உட்பட்ட கூட்டுறவு நகைக்கடன்களைத் தள்ளுபடி செய்தபோது, டி.வி.யில் நான் கேட்டதெல்லாம் யாருக்குத் தகுதி, யார் ஏமாற்றினார்கள் என்பதுதான். நகை யாருடையது என்று ஒருவரும் கேட்டு நான் பார்க்கவில்லை.

‘பொம்பளை பேர்ல கடன் கொடுத்துட்டா சரியாயிடுமா?’ ஆகாது. பங்களாதேஷில் பெண்கள் பெயரில் போன கடனில் கணிசமான பங்கு ஆண்கள் கைக்குப் போய்விட்டதை 1996-லேயே ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். கடனைவிட சொத்துக்குத்தான் பலம் அதிகம். பிரதீப் பாண்டாவும் பினா அகர்வாலும் திருவனந்தபுரம் மாவட்டத்தில் செய்து 2005-ல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். நிலமோ வீடோ இல்லாத பெண்களில் 49 சதவீதம் பேர் கணவனிடம் அடி வாங்கியிருந்தார்கள். நிலம் மட்டும் இருந்தவர்களில் 18, வீடு மட்டும் இருந்தவர்களில் 10, இரண்டும் இருந்தவர்களில் 7. போக ஓர் இடம் இருக்கிறவளிடம் கை ஓங்க யோசிப்பான் போலிருக்கிறது.

பட்டாவை இன்றைக்கே மாற்ற முடியாது. நகைக்கடன் விண்ணப்பத்தில் ஒரு வரி சேர்க்க முடியும். நகை யாருடையது? மனைவியுடையது என்றால் அடகுச் சீட்டு அவள் பெயரில், திருப்பும்போது அவள் கையில். இதைச் சொன்னபோது ஒரு தோழி, ‘கேட்டதுக்கும் சேர்த்து வீட்ல அடிப்பான்’ என்றார். அடிக்கலாம். அதனால்தான் இது அவள் வாய்திறந்து கேட்க வேண்டியதாக இல்லாமல், ஆதார் நகல் மாதிரி, வருகிற எல்லோரிடமும் சொசைட்டி கேட்கிற விதியாக இருக்க வேண்டும் என்கிறேன்.